கடைசிச் சுற்று மணி

ஜூலை 6

அன்புள்ள நத்தைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் போனை வார்டன் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார் என்று தெரிந்ததும் அம்மா ஒரு பாட்டம் அழுதாள். பிறகு, "நல்லதாப் போச்சு, இனிமேயாவது அவ கையெழுத்து உருப்படும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளையாட்டு விடுதியில் கடிதத்துக்குத் தடையில்லையாமே. தண்டனை எனக்குத்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் கையிலிருந்து கிரீஸ் போகாது. இந்தத் தாளின் ஓரத்தில் உள்ள கறையைக் கண்டுகொள்ளாதே.

இங்கே எல்லாம் பழையபடிதான். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். அம்மா தினமும் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே இதைச் சொல்லிக் காட்டுகிறாள். நீ இருந்தவரை மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஏறிவிடுவாய். இப்போது அதுவும் என் தலையில் விழுந்திருக்கிறது.

விடியும் முன்பே இன்னும் முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது? நேற்று சும்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு நம் பாதையிலேயே போனேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பஸ் டிப்போ மதில் வரைக்கும். இடது பக்கம் உன் காலடிச் சத்தம் இல்லாமல் மிதிப்பது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. மதில் முனை வந்ததும் கை தானாகப் போய் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டது. "வந்தாச்சு" என்று வாயும் சொல்லிவிட்டது. பாட்டிலை எடுக்கக் கூடைக்குள் கையை விட்டேன், கூடை காலி. டிப்போ வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "யாரு வந்தாச்சு? தங்கச்சிதான் போயாச்சே" என்றார். வருடக் கடைசியில் நடக்கும் தேர்வு ஓட்டத்தில் நீ முதல் இரண்டு இடத்துக்குள் வந்து தேசிய முகாமுக்குப் போவாய், அப்புறம் உன்னை டிவியில்தான் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, டீ வாங்கிக் கொடுத்தார்.

முகாமுக்குள் போகாவிட்டால் வயது வரம்பு முடிந்து விடுதியிலிருந்து பெட்டியைக் கட்ட வேண்டும் என்று உன் கோச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பயமுறுத்த எழுதவில்லை. நான் சைக்கிளில் மூச்சிரைக்க வருவேன், நீ சிரித்துக்கொண்டே ஓடுவாய். அந்த மாதிரி காலும் மூச்சும் யாருக்கு வாய்க்கும்? நீ போய்விடுவாய்.

விடுதி வாசலில் எடுத்த படம் வந்தது. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. மெஸ்ஸில் ரொட்டியை ஒரு பிடி பிடிக்கிறாய் போல.

அண்ணன்

ஜூலை 21

அண்ணா,

உன் கிரீஸ் கறையை மோந்து பார்த்தேன். நம் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அறையில் கூட இருப்பவள், "லவ் லெட்டரா?" என்றாள். "ஆமா, லிஃப்ட்லேர்ந்து" என்றேன். அவள் ஈட்டி எறிகிறவள். எல்லோரும் ஈட்டி என்றே கூப்பிடுகிறோம். அவள் நாக்கும் அப்படித்தான்.

அறை சின்னது. இரண்டு கட்டில், ஒரு மேசை, காயாத காலுறைகள். ஜன்னலைத் திறந்தால் ஓடுபாதை. காலையில் முதலில் எடை பார்க்கிறார்கள். மெஸ் வாசலில் எந்திரம். ஏறி இறங்கியதும் பக்கத்துப் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எடையை எழுதுகிறார்கள். எனக்குப் பின்னால் நிற்கிறவள் என் எடையைப் படித்துவிட்டுத்தான் ஏறுவாள். நீ கன்னத்தைப் பற்றி எழுதிய பிறகு ராத்திரி ரொட்டியை விட்டுவிட்டேன். பலகையில் எண் இறங்கியது. கோச் அதன் எதிரே விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் அகராதியில் அது பாராட்டு.

போன வாரம் முகமூடி மாதிரி ஒன்றை மூக்கில் மாட்டி, நகரும் பட்டையில் ஓடவிட்டார்கள். மூச்சை அளந்தார்கள். கோச் தாளைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் நல்ல எஞ்சின்" என்றார். அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். விடுதிக்குள்ளேயே ஒரு பந்தயம் வைத்தார்கள், ஐயாயிரம் மீட்டர். நம் ஊர்ப் பந்தயங்களில் விசில்தான் ஊதுவார்கள், இங்கே கடைசிச் சுற்று தொடங்கும்போது கோட்டருகே நிற்பவர் பித்தளை மணியை அடிப்பார். எல்லோருக்கும் அதுதான் பாய்ச்சலுக்குக் குறி. மணி வரைக்கும் நான்தான் முதல். எனக்குப் பின்னால் நெட்டைக் கால்காரி ஒருத்தி, பெயர் ஒட்டகம். மணி அடித்தது. அடித்த நொடியில் என் கால் விட்டுப்போனது. வலியில்லை, மூச்சு வாங்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஆகிவிட்டேன். ஒட்டகம் தாண்டினாள், அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள். அடுத்த வாரம் மறுபடி வைத்தார்கள். மறுபடி அப்படியே.

கோச் கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. என்னை மனசு டாக்டரிடம் அனுப்பப் போகிறாராம்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. எஞ்சின் விஷயத்தை மட்டும் சொல்.

நத்தை

ஆகஸ்ட் 4

அன்புள்ள நத்தைக்கு,

எஞ்சின் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எண்ணெய் ஊத்தச் சொல்லு, ஒழுங்கா சாப்பிடச் சொல்லு" என்றாள். அவளுக்கு எல்லாமே சாப்பாடுதான்.

உனக்கு வந்திருப்பது பயம். வேறு ஒன்றுமில்லை. இதற்கு டாக்டர் எதற்கு? புது ஊர், புது ஆட்கள், பக்கத்தில் நெட்டைக்காரி. பயப்படாமல் என்ன செய்யும்? மணி அடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாய். போன வாரம் ஒரு வங்கி அதிகாரி லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து அவரை வெளியே எடுப்பதற்குள் உன் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். வியர்த்துக் கொட்டிக்கொண்டே, "மனசுதான் தம்பி எல்லாம்" என்றார். மாட்டிக்கொண்ட மனிதரே அப்படிச் சொல்கிறார், பார்த்துக்கொள்.

எடை இறங்கியது நல்ல சேதி. லேசான உடம்புதான் ஓடும். லிஃப்டும் அப்படித்தான், ஆள் குறைந்தால் மோட்டார் சிரமப்படாது. கெட்டிக்காரி, அப்படியே பிடித்துக்கொள்.

சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். முகாமுக்குப் போகும் முன் லீவில் வருவாய் அல்லவா? ஒரு நாள் டிப்போ வரைக்கும் போய் வருவோம்.

அண்ணன்

செப்டம்பர் 2

அண்ணா,

இதை எப்படி எழுதுவது என்று சில நாளாக யோசித்தேன். சிரிப்புக் கதையாகவே எழுதிவிடுகிறேன், நீயும் சிரித்துவிடு.

மனசு டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பந்துகள் போட்டு வைக்கிற கிடங்குக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். தோல் வாடை. மேசையில் பூச்செடி, கைக்குட்டைப் பெட்டி, உள்ளங்கையால் தட்டினால் ஒலிக்கும் மணி. அடுத்த ஆளைக் கூப்பிட அதைத் தட்டுவார்.

கடைசிச் சுற்றைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கேட்கவேயில்லை. "சின்ன வயசுல எப்படி ஓடுவே, சொல்லு" என்றார். எனக்கு வாய் கொள்ளவில்லை. ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பந்தயத்தில் ஜெயித்தது, மறுநாளே நீ சைக்கிளோடு வாசலில் நின்றது, ஆள் நடமாட்டமில்லாத ரோடு என்பதால் நீ என் வலது பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வருவது, என் தோளும் உன் கைப்பிடியும் ஒரு கோட்டில் இருக்க வேண்டும் என்பது, நாய் துரத்திய நாள், மழை நாள், டிப்போ மதில், உன் மணி, "வந்தாச்சு", தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் கொட்டினேன்.

பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் மேசை மணியை இரண்டு தரம் தட்டினார். நான் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். "கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார். "உன் கை எங்க போயிருக்கு பாரு."

என் வலது கை நாற்காலிக்கு வெளியே நீண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன, பாட்டிலை வாங்குவதற்கு.

"தோளும் இறங்கிடுச்சு" என்றார் அவர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எத்தனையோ வருடம் தினமும் காலையில் என் உடம்புக்கு நாம் ஒன்றைச் சொல்லியிருக்கிறோம், அண்ணா. மணி அடித்தால் முடிந்தது. தண்ணீர் வரும், மூச்சு விடலாம், வீட்டுக்குப் போகலாம். இங்கே வந்து திடீரென்று மணி அடித்தால் பாய் என்கிறார்கள். உடம்பு யார் சொல்வதைக் கேட்கும்? "இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. உங்கண்ணன் உன்னைப் பத்திரமா நிறுத்தப் பழக்கியிருக்காரு" என்றார் டாக்டர். மாற்றிப் பழக்கலாமாம். மணி அடித்துவிட்டுக் குட்டிப் பாய்ச்சல், மறுபடி மணி, மறுபடி பாய்ச்சல் என்று மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டுமாம்.

கோச் கேட்டுவிட்டு, "எனக்கு மாசக்கணக்கா நேரம் கிடையாது" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்குக் கடிகாரமே வேணாம். ஒவ்வொரு சுத்தும் ஒரே வேகம். ஒட்டகத்துக்கு அதுதான் வராது. இனிமே அவளுக்கு முன்னால நீ ஓடு. மணி அடிச்சதும் வெளிய வந்துடு, மிச்சத்தை அவ பாத்துப்பா." அதற்கு வேகம் பிடித்துக் கொடுப்பது என்று பெயர். என் கோளாறையே எனக்கு வேலையாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதி வைத்துவிடுகிறேன், நீ கேட்க மாட்டாய் என்பதால்.

நத்தை

செப்டம்பர் 9

தங்கைக்கு,

சிரிக்கச் சொன்னாய். சிரிப்பு வரவில்லை.

யாரோ ஓர் அம்மா மேசை மணியைத் தட்டினாளாம், உன் நோய் தெரிந்துவிட்டதாம். காதில் பூ சுற்றுகிறார்கள், நீயும் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருக்கிறாய். மணி அடித்தது ஒரு குற்றமா? டிப்போ வந்துவிட்டது என்று உனக்கு எப்படிச் சொல்வது, கடிதம் போட்டா? என் லிஃப்டிலும்தான் ஒவ்வொரு மாடிக்கும் மணி அடிக்கிறது. கதவு திறக்கும், ஆள் காலெடுத்து வைத்து வெளியே போவான். மணி கேட்டதும் கால் விட்டுப்போய் உட்கார்ந்துவிடுகிறானா?

மழையிலும் பனியிலும் எழுந்து வந்தவன் நான். ஒரு நாள் உன்னை எழுப்பாமல் விட்டேனா? வேலைக்குப் போய் லிஃப்ட் குழியில், கிணறு மாதிரி இருட்டில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் உன் ஓட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பெண் பார்க்க அம்மா கிளம்பும்போதெல்லாம், அவள் முகாமுக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வாயை அடைத்திருக்கிறேன். அதெல்லாம் எங்கோ ஒரு கிடங்குப் பக்கத்து அறையில் கோளாறு என்று ஆகிவிட்டது.

அடுத்தவளுக்குப் பல்லக்குத் தூக்கவா உன்னை அனுப்பினேன்? முடியாது என்று கோச்சிடம் சொல். உன் ஓட்டத்தை நீ ஓடு. அதை எழுதுவதாக இருந்தால் எழுது. இந்த மாதிரிக் கதை எழுதுவதாக இருந்தால் எழுதாதே.

அண்ணன்

நவம்பர் 3

அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதவில்லை. அம்மா தனியாகப் போட்ட கடிதம் வந்தது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாள். நானும் சாப்பிடுவதில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி இருக்கிறோம், அதுவரைக்கும் நல்லது.

தினமும் ஒட்டகத்துக்கு முன்னால் ஓடுகிறேன். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். நாள் முழுவதிலும் அந்த ஒரு நேரம்தான் எனக்கு நன்றாக இருக்கிறது. என் வலது தோளுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்கும். நீ பக்கத்தில் வருகிற மாதிரியே இருக்கும். மணி அடிக்கும், நான் விலகிப் புல்லில் நின்றுவிடுவேன். அவள் போய்க்கொண்டே இருப்பாள். அவள் முதுகு அந்தக் கடைசி வளைவில் திரும்பும்போது பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். பார்த்துவிடுவேன். நல்லவள். முடித்துவிட்டு நேரே என்னிடம்தான் வருவாள். நல்லவளாக இல்லாமல் இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

இன்னொன்று. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, கட்டை விரல் அகலத்துக்கு ஓர் இடம் வலிக்கிறது. தொட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது. மாதவிலக்கு நின்றும் சில மாதங்கள் ஆகின்றன. அண்ணனுக்கு எழுதுகிற விஷயமா என்று யோசித்தேன். வேறு யாருக்கு எழுதுவது? இங்கே பெண்கள் அதை ஒரு தகுதி மாதிரி பேசிக்கொள்கிறார்கள், தீவிரமாகப் பயிற்சி செய்கிறோம் என்பதற்கு அடையாளமாம். ஈட்டி மட்டும் திட்டுகிறாள். நேற்று அவள் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் வைத்து, "இதைத் தின்னலேன்னா உன்னையத்தான் எறிவேன்" என்றாள். பாதி தின்றேன். காலையில் பலகையை நினைத்து மீதியை வைத்துவிட்டேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். தேர்வு ஓட்டத்தில் எனக்காகவும் ஓட விடுங்கள் என்று கோச்சிடம் கெஞ்சினேன். "மணி வரைக்கும் அவளுக்கு ஓடு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்" என்றார். எனக்கு அதற்கப்புறம் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் தாராளமாகக் கொடுத்தார்.

டிசம்பர் முதல் ஞாயிறு. நீ வர வேண்டாம்.

நத்தை

நவம்பர் 14

அன்புள்ள நத்தைக்கு,

உன் கடிதத்தை அம்மா பிரித்துப் படித்துவிட்டாள். "ஓடினது போதும், போய்க் கூட்டிட்டு வா" என்று இரண்டு நாளாக ஒரே பிடியாக நிற்கிறாள். இன்னும் ஒரே ஓர் ஓட்டம், அது முடிந்ததும் நல்ல லேடி டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கால் வலி ஓடுகிற எல்லோருக்கும் வருவதுதானே. வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அந்த டாக்டரம்மா சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். காதில் விழுந்தால்தானே கால் விட்டுப்போகும்? இத்துடன் பஞ்சு வைத்திருக்கிறேன். மருந்துக் கடைப் பஞ்சு, மெழுகு தடவி உருட்டியது. நேற்று லிஃப்ட் மோட்டார் அறையில் இதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்பவர் பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். தோளைத் தட்டிய பிறகுதான் திரும்பினேன். முடியைக் காதுமேல் இழுத்துவிட்டுக்கொண்டால் வெளியே தெரியாது. மணி அடிப்பவர் பக்கம் பார்க்காதே. சுற்றை எண்ணாதே. நிற்கச் சொல்லும் வரை ஓடு.

சைக்கிள் மணியைக் கழற்றிப் போட்டுவிட்டேன். எதற்காக என்று கேட்காதே.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வருவேன். ஓரமாக நிற்பேன்.

அண்ணன்

டிசம்பர் 10

அண்ணா,

பஞ்சு வேலை செய்தது. முதலில் அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், அம்மாவிடம் காட்டாதே.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. என் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. ஒட்டகம் பின்னால் இருக்கிறாளா என்று தெரியவில்லை, நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பார்க்காதே என்று எழுதியிருந்தாய், ஆனாலும் கோட்டைத் தாண்டும்போது மணி அடிப்பவரைப் பார்த்துவிட்டேன். அவர் கை மேலும் கீழும் போனது, மணி ஆடியது, சத்தம் வரவில்லை. என் காலுக்கு விஷயம் தெரியவில்லை. நான் ஓடினேன்.

மணிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அங்கே நான் இன்னும் வேகமாக இருந்தேன், அண்ணா. அந்த எஞ்சின் அங்கேதான் இருந்திருக்கிறது. ஒட்டகத்தின் நிழல் பின்வாங்கிக் காணாமல் போனது. எதிர்ப்பக்கம் முழுவதும் நான் தனியாக ஓடினேன். பக்கத்தில் யாரும் இல்லாமல் ஓடுவது அப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசி வளைவில் கம்பி வேலிக்குப் பின்னால் உன்னைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் கையில் பாட்டில் இல்லை. கவனமாக விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கால் முறிந்தது. அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை, பஞ்சு இருந்தது. பின்னால் வந்த ஒட்டகத்துக்குக் கேட்டதாம். இன்னும் தூக்கத்தில் கேட்கிறது என்று நேற்று இங்கே வந்து அழுதுவிட்டுப் போனாள். அவள்தான் முதல். முகாமுக்குப் போகிறாள். நான் பிடித்துக் கொடுத்த வேகத்தில் இதுவரை ஓடாத ஓட்டம் ஓடியிருக்கிறாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூன்று மாதமாகவே கீறல் இருந்திருக்கிறதாம். சரியான சாப்பாடு இல்லாமல், மாதவிலக்கும் இல்லாமல், எலும்பு வயதான ஒருத்தியின் எலும்பு மாதிரி ஆகிவிட்டதாம். "இத்தனை நாள் எப்படித் தாங்கிச்சு?" என்று அவரே கேட்டுக்கொண்டார். நான் ஒவ்வொரு தடவையும் மணியில் நின்றுவிடுவேன் என்று சொன்னேன். "அதான் தாங்கிருக்கு. அந்தக் கடைசிச் சுத்து ஓடாம இருந்ததாலதான்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன்.

காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். நடக்கலாமாம். ஓட்டத்தைப் பற்றி நான் கேட்டேன், அவர் நர்ஸைப் பார்த்தார்.

கோச் ஒரு தடவை வந்தார். வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "நல்லா ஓடினே" என்றார். விடுதியில் என் கட்டிலுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள் என்று ஈட்டி சொன்னாள்.

நீ ஏன் வரவில்லை? வேலிக்கு வெளியே நின்றவன் ஆஸ்பத்திரி வரை வந்திருக்கலாம்.

நத்தை

டிசம்பர் 17

நத்தைக்கு,

வந்தேன்.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்தேன். கட்டுப் போட்டு மேலே கொண்டுபோய்விட்டார்கள் என்றதும் லிஃப்டில் ஏறினேன். பழைய மாடல். கதவு மூடும்போது உதறுகிறது, யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மாடியிலும் மணி அடித்தது. உன் மாடி வந்ததும் அடித்தது, கதவு திறந்தது. நேர் எதிரே நர்ஸ் மேசை. அதற்குப் பின்னால் திறந்த கதவு வழியாகக் கட்டுப் போட்ட ஒரு கால் தெரிந்தது. உன் கால்தான், எனக்குத் தெரியாதா?

என் கால் எழவில்லை. கதவு மூடிக்கொண்டது. கீழே போனேன். மறுபடி ஏறினேன், மறுபடி மணி, மறுபடி கதவு. ஒரு பெரியவர் கையில் பிளாஸ்கோடு நின்றிருந்தார். "தம்பி, உங்களுக்கு எந்த மாடி?" என்றார். "இதுதான்" என்றேன். இறங்கவில்லை. கதவு மூடும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று தெரியாது. பிறகு பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.

முன்பு உனக்கு எழுதினேன், மணி அடித்தால் ஆள் காலெடுத்து வைத்து வெளியே போவான் என்று. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

பஞ்சு வேலை செய்தது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறாள். உன் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் குழாய் அடித்திருக்கிறேன். சைக்கிளைச் செயின் கழற்றி மொட்டை மாடியில் போட்டாயிற்று. டிப்போ வாட்ச்மேன் தெருவில் பார்த்து, "முகாமுக்குப் போயாச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி அந்தப் பக்கம் போக முடியாது.

எப்போது விடுகிறார்கள் என்று எழுது. இந்தத் தடவை உள்ளே வருவேன்.

அண்ணன்

டிசம்பர் 26

அண்ணா,

சனிக்கிழமை விடுகிறார்கள். மேலே வராதே. அந்த லிஃப்டை நம்பி நான் காத்துக்கொண்டிருக்க முடியாது. சக்கர நாற்காலியில் என்னைக் கீழ் வாசலுக்குக் கொண்டுவந்து விடுவார்களாம், நீ அங்கேயே நில்.

ஈட்டி என் பெட்டியைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓடும் ஷூவை உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். மனசு டாக்டரும் வந்தார். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் மாற்றியிருக்கலாம் என்றார். இருக்கலாம். இனி எனக்கு எந்த மணியும் அடிக்கப் போவதில்லை, மாற்றி என்ன ஆகப்போகிறது?

நாலு மாடி. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு என்னால் ஏற முடியாது. நீதான் தூக்க வேண்டும். கனம் ஒன்றுமில்லை. கன்னமும் ஒட்டிவிட்டது, உனக்குத் திருப்தியாக இருக்கும். கோபத்தில் எழுதவில்லை என்று எழுதப் பார்த்தேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் என்னைத் தூக்க வேறு யாரும் இல்லை, உன்னைத் தவிர வேறு யாரும் தூக்குவதும் எனக்குப் பிடிக்காது.

ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொள், அவசரமில்லை. வழியில் யாராவது கேட்டால் நீயே பதில் சொல். அம்மா மேலே கதவைத் திறந்து வைத்திருப்பாள். போனதும் என்னைக் கட்டிலில் இறக்கிவிட்டு, நீ போய்த் தண்ணீர் குடி, எனக்குக் கொடுக்காதே. வந்தாச்சு என்று மட்டும் சொல்லாதே.

நத்தை